நடைபாதையின் நியாயம்

வெள்ளவத்தைக் காலி வீதியோரம் கச்சான் விற்பவரும், கொட்டாஞ்சேனையில் தோசை சுட்டு விற்கும் தாயும் அரசாங்க ஏடுகளிலே ‘சுயதொழில் புரிவோர்’. பெயர் கௌரவமானதே! ஆனால், 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. 12 வீதம் செலுத்த முதலாளி எங்கே?

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ் வந்தது. நகர் அழகுபெறவென நடைபாதை வியாபாரிகள் அகற்றப்பட்டனர். 2014இல் புறக்கோட்டையில் மிதக்கும் சந்தை அமைத்துச் சிலருக்குக் கடை கொடுத்தனர். நடைபாதை நடப்போருக்கும் உரியதென்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், சனங்கள் நடக்கும் வழியன்றோ இவர்களது மூலதனம்? வேலை கொடுக்க இயலாத அரசு, வேலையைத் தானே தேடிக்கொண்டவரை ஆக்கிரமிப்பாளர் என்பது எவ்வகை நீதி? ஐந்து ரூபாய்க்கு அவர்களிடம் பேரம் பேசும் மாதச் சம்பளக்காரராகிய நாமும் இதற்கு விடை கூறவேண்டியவர்களே.