எலுமிச்சம்பழமும் பிரேக்கும்

2025 மே 12 சித்ரா பௌர்ணமி. பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில் அன்று பெரிய திருவிழா ஊர்வலம். கூட்டத்தைக் கவனிக்க ஈப்போவிலிருந்து கலகத் தடுப்புப் போலீஸார் வந்திருந்தார்கள். மறுநாள் காலை, பணி முடிந்து அவர்கள் ட்ரக்கில் திரும்பிக்கொண்டிருந்தபோது எதிரே கல் ஏற்றிவந்த லோரி ஒன்று நேராக வந்து மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றவர்கள் வீடு போய்ச் சேரவில்லை.

இரங்கல் வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் அன்று அதிகம் கேட்ட சொல் ‘விதி’. சில வாரங்கள் கழித்து அரசின் சிறப்புப் பணிக்குழு வேறு விவரங்களைச் சொன்னது. லோரியின் ஸ்டீரிங் அமைப்பில் கோளாறு. அனுமதித்த அளவைவிடப் பல டன் கூடுதலாகக் கல் ஏற்றப்பட்டிருந்தது. அந்தக் கல்லை யாரோ ஏற்றினார்கள். அந்த லோரியை யாரோ சாலைக்கு அனுப்பினார்கள். அப்படியிருக்க, விதி என்று எதைச் சொல்வது?

சித்ரா பௌர்ணமி சித்திரகுப்தனுக்கு உரிய நாள். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. தென் தமிழ்நாட்டு ஊர்களில் அன்று அவர் கதையைப் படிக்கும் வழக்கமும் உண்டு. யமனின் கணக்குப்பிள்ளையான அவர் ஒவ்வோர் உயிரின் வினையையும் விடாமல் எழுதுகிறார். அவரிடம் பேரம் பேசி ‘காவ்திம்’ செய்துகொள்ள முடியாது என்பதுதான் அந்த வழிபாட்டின் சாரம். நம்மவர்களுக்கு இந்த நம்பிக்கை ஆழமாக உண்டு. ஆனால் அந்த ஏட்டில் பொய், களவு, கொலை ஏறும் என்று நினைக்கும் அளவுக்கு, தேய்ந்த டயரும் கழன்ற போல்ட்டும் ஏறும் என்று யாரும் நினைப்பதில்லை.

நான்கு வாரத்துக்குள் இன்னொரு விபத்து. ஜூன் 9-ஆம் தேதி கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். பெர்மிட் ஒருவர் பெயரில், பஸ்ஸை நடத்தியவர் வேறொருவர் என்பது விசாரணையில் தெரியவந்தது. பெர்மிட்டைக் குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்குகிறவர் பஸ்ஸின் பிரேக்கைக் குனிந்து பார்க்கப் போவதில்லை. பொறுப்பையும் சேர்த்தே குத்தகைக்கு விட்டதாக அவர் நினைத்துக்கொள்கிறார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் புதுக் கார் வாங்கும் தமிழர் பெரும்பாலும் ஷோரூமிலிருந்து நேராகக் கோயிலுக்குத்தான் போவார். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பிள்ளையார் கோயில் வாசலில், முனீஸ்வரர் சந்நிதிகளின் முன்னால், இது அன்றாடக் காட்சி. சந்தனம், குங்குமம், பானெட்டின் மேல் மாலை, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியதும் வண்டி மெல்ல முன்னால் நகரும், பழம் நசுங்கும். சீனரும் சில கோயில்களுக்கு வண்டியைக் கொண்டுவருவதுண்டு. முனீஸ்வரர் எல்லையையும் வழியையும் காப்பவர் அல்லவா? ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் பாதையில் தொடங்கிய அந்த நம்பிக்கை நெடுஞ்சாலைக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சுலபம். ஆனால் அது சரியல்ல. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பட்டறையில் என்ன நடக்கும் என்று பழைய மெக்கானிக் ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம். ஸ்பேனர் முதல் ஜாக் வரை எல்லாம் வெளியே வரும். துருவைத் தேய்ப்பார்கள், எண்ணெய் போடுவார்கள், உடைந்ததை ஒதுக்குவார்கள். அதன் பிறகுதான் பொட்டு. பரிசோதனை பூஜைக்கு உள்ளேயே இருந்தது. காலப்போக்கில் பொட்டும் பழமும் தங்கிவிட்டன, துடைப்பதும் பார்ப்பதும் கழன்றுவிட்டன. பக்தி கூடிப்போனதில் குற்றமில்லை, பாதி பூஜை காணாமல் போனதுதான் குற்றம்.

அந்தப் பாதியை மலேசியாவில் அரசு 1994-இல் புஸ்பாகோம் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. லோரி, பஸ் போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போயாக வேண்டும். உருளைகளின் மேல் சக்கரத்தை ஓடவிட்டு பிரேக்கின் பிடியை அளப்பார்கள். புகை, விளக்கு, சஸ்பென்ஷன் எல்லாம் பார்த்துவிட்டு, குழிக்குள் இறங்கி அடிவயிற்றையும் பார்ப்பார்கள். முப்பது ஆண்டுகள் அந்த நிறுவனத்துக்குப் போட்டியே இல்லை. பிறகுதான் மற்றவர்களுக்கும் கதவைத் திறக்கும் முடிவு வந்தது. சொந்தக் காருக்கோ இப்படித் தவணை முறைப் பரிசோதனையே கிடையாது. பெயர் மாற்றும்போது ஒருமுறை பார்த்தால் சரி. அடுத்த வீட்டுச் சிங்கப்பூரில் மூன்று வயதான கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரிசையில் நிற்கிறது. இங்கே இருபது வயதுப் புரோட்டோன் சாகா உரிமையாளரின் மனச்சாட்சியை நம்பியே ஓடுகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் மட்டும் போதுமா? பரிசோதனை நாளன்று நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் பழையதை மாட்டும் வித்தையை லோரிக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கிள்ளான் துறைமுகத்தைச் சுற்றி இரவும் பகலும் கொள்கலன் லோரிகள் ஓடும் சாலைகளில் ‘தொந்தோ’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) ரோடு பிளாக் எங்கே என்று பார்த்து லோரிகளுக்குத் தகவல் சொல்லும் ஒற்றர்கள் அவர்கள். அதிகாரிகள் கூடாரம் அடிப்பதற்குள் செய்தி பறந்துவிடும். பாரம் மிகுந்த வண்டிகள் ஓரம் கட்டி நிற்கும், அல்லது வேறு பாதையில் திரும்பும். வேலி காக்க வந்தவர்களிலும் சிலர் விலை போனார்கள். 2019-இல் பினாங்கில் லோரிகளைக் கண்டும் காணாமல் விடப் பணம் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில் ஜேபிஜே அதிகாரிகள் பலரை ஊழல் தடுப்பு ஆணையம் கைது செய்தது.

பிடிபடாத வரை பிழை இல்லை என்று நினைப்பவனுக்குச் சித்திரகுப்தன் எதற்கு? சட்டம் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக இருப்பது அறமா, அச்சமா என்ற பழைய கேள்வி இங்கே சாலையோரத்தில் நிற்கிறது. ஆனால் அச்சத்தால் சரிசெய்த பிரேக்கும் பிடிக்கத்தான் செய்யும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு லோரி முதலாளியின் உள்நோக்கம் தேவையில்லை, பிரேக் போதும். கொள்ளை நோய் அடங்கிய பிறகு மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தாம்.

உள்நோக்கம் பற்றிய வழக்கு இந்திய மரபில் மிகப் பழையது. 2025-இல் சித்ரா பௌர்ணமியன்றே விசாக தினமும் வந்தது. 1894-இல் தோன்றிய பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரையில் அன்று விளக்கேற்றியவர்களின் மதம், வினையின் எடை மனத்தின் எண்ணத்தில் இருக்கிறது என்கிறது. சமணர்கள் இதை ஏற்கவில்லை. உடலால் நேர்ந்த தீங்குக்கும் கணக்கு உண்டு என்றார்கள்; அதனால்தான் சமணத் துறவி நடக்கும்போது முன்னாலுள்ள தரையைப் பார்த்துப் பார்த்து அடி வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். பாலி நூல்களில் உபாலி என்ற இல்லறத்தான் இந்தப் பூசலின் நடுவில் நிற்கிறான். பௌத்தம் சொல்வதை வைத்து லோரி முதலாளி தப்பிக்க முடியுமா? கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் கவனமின்மையைப் புத்தர் சிறு பிழையாக ஒருபோதும் எண்ணியதில்லை. சறுக்கும் என்று தெரிந்தே டயரை ஓடவிட்டவர் மனத்தில் எண்ணமே இல்லை என்று எப்படிச் சொல்வது? காசு மிச்சம் என்ற எண்ணம் இருந்ததே.

திருக்குறளில் அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ். அது ஊழின் வலிமையைப் பேசுகிறது. பொருட்பாலுக்குள் போய் 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையைப் படித்தால் அதே வள்ளுவர் ஊழையே முயற்சியால் புறங்காணலாம் என்கிறார். விபத்துச் செய்தி வந்ததும் ஊழ் அதிகாரத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பது நமது வசதி. அதைவிட இந்த விஷயத்தில் உதவுவது புலால் மறுத்தல் அதிகாரம். உண்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை என்று வாங்குபவரையும் வள்ளுவர் குற்றத்துக்குள் இழுத்துவிடுகிறார். மனுநூலோ அனுமதித்தவன், அறுத்தவன், விற்றவன், வாங்கியவன், சமைத்தவன், பரிமாறியவன் என்று கொன்றவர்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறது. ஓர் ஆட்டுக்கு இத்தனை பேரிடம் பாவத்தைப் பங்கிட்ட மரபு, லோரி விபத்தில் மட்டும் ஓட்டுநரோடு நின்றுவிடலாமா? குறைந்த கூலிக்கு நிறைந்த பாரம் கேட்ட ஒப்பந்தக்காரர், ஏற்றிவிட்ட கல் குவாரி, பெர்மிட்டைக் குத்தகைக்கு விட்டவர், ஒற்று வேலை பார்த்த தொந்தோ, கண்ணை மூடிக்கொண்ட அதிகாரி, நாளைக்கே கல் வந்தாக வேண்டும் என்று அவசரப்பட்ட வீட்டுக்காரர்: பங்குக்கு ஆள் நிறைய.

நடைமுறையில் ரோடு பிளாக்கில் நிறுத்தப்படுபவர் ஓட்டுநர் மட்டும்தான். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டும் தமிழர்கள் பலருக்குச் சம்பளம் டிரிப் கணக்கில். வண்டி பட்டறையில் நின்றால் அன்றைய வரும்படி இல்லை. பிரேக் சரியில்லை என்று முதலாளியிடம் சொன்னால், ஓட்ட வேறு ஆள் இருக்கிறது என்ற பதில் வரும். சம்மன் ஓட்டுநர் கையில், லாபம் இன்னொருவர் பையில். இதைச் சொல்வது ஓட்டுநரை விடுவிக்க அல்ல. சாவியைத் திருப்பிய கை அவருடையதுதான். ஆனால் அந்தக் கையை மட்டும் பிடித்து நிறுத்தும் சோதனை பாதிச் சோதனை.

தமிழர் நினைவில் நிற்கும் முதல் வாகன விபத்து வழக்கு திருவாரூரில் நடந்தது. இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டுச் செத்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு நுட்பமான இடம் வருகிறது. அமைச்சர்கள் மன்னனிடம் பரிகாரம் ஒன்றைச் சொல்கிறார்கள்: மறை வல்லவர்கள் விதித்த பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள். மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை. அரசன் கடமை எது என்பதையும் அவனே சொல்கிறான்: தன்னால், தன் பரிவாரத்தால், பகைவரால், கள்வரால், விலங்கால் என ஐந்து வகையிலும் வரும் அச்சத்திலிருந்து உயிர்களைக் காக்க வேண்டும். ‘தன் பரிவாரத்தால்’ என்பதைப் பட்டியலில் இரண்டாவதாக வைத்த சேக்கிழார், சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பார்கள். அதிகாரம் எப்படி வேலை செய்யும் என்று அறிந்த கை அது. மகனை அவன் தேர்க்காலில் இட்டது போன்ற தண்டனையை இன்று யாரும் கேட்கப் போவதில்லை. பூஜை ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம். முன்னது பின்னதற்கு ஈடாகாது என்று சைவத்தின் தலையாய நூல் ஒன்று தீர்ப்புச் சொல்லியிருப்பதே போதும்.

2025 அக்டோபரிலிருந்து கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. நல்லது. ஆனால் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும், மற்ற திருவிழாக்களுக்கு வெளியூர்களுக்கும் பஸ் பிடிப்பது அரசு அல்ல, ஆலய நிர்வாகங்களும் பக்தர் குழுக்களும். முன்பணம் கொடுக்குமுன் அவர்கள் மூன்று கேள்வி கேட்கலாம்: பெர்மிட் யார் பெயரில், கடைசிப் பரிசோதனை எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் ஓட்டிய பிறகு இந்த ஓட்டுநர் இந்தப் பயணத்துக்கு ஏறுகிறார்? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் பஸ்ஸில், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இரண்டு மெக்கானிக்குகளை உட்காரவைத்து, மாலை போடுமுன் டயரையும் பிரேக்கையும் இலவசமாகப் பார்த்துக் கொடுக்கும் ஏற்பாட்டையும் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆலயங்கள் இந்த ஆண்டே தொடங்கலாம். செலவு ஒரு நாள் அன்னதானத்தைவிடக் குறைவாகத்தான் வரும்.