விலை கொடுத்த விருந்து

பணம் கொடுத்துத் தங்குபவர் விருந்தினரா, வாடிக்கையாளரா என்ற கேள்வி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜில் எழுவதில்லை. அங்கே ஓர் அறை, ஒரு சாவி, ஒரு நாள் வாடகை. கணக்குத் தீர்ந்தால் உறவும் தீர்ந்தது. பழைய நகரப் பகுதியில், தலைமுறைகள் வாழ்ந்த ஒரு வீட்டைச் செப்பனிட்டுச் சில அறைகளோடு நடத்தப்படும் பூட்டிக் ஹோட்டலில் அந்தக் கேள்வி எழுகிறது. அந்த விடுதியில் அறையோடு சேர்த்து வீடு என்ற எண்ணமும் விலைக்கு வருகிறது. முற்றம், ஊஞ்சல், வாசல் கோலம், வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்கும் பணியாளர் எல்லாம் அந்த எண்ணத்தின் பகுதிகள். நியூயார்க்கில் 1984-இல் தொடங்கிய மார்கன்ஸ் ஹோட்டலோடு பெயர்பெற்ற இவ்வகை விடுதி, பழைய ஊர்களில்தான் தனக்கு ஏற்ற உடலைக் கண்டுகொண்டது. சமயங்கள் கடமை என்றும் புண்ணியம் என்றும் வைத்திருந்த ஒன்று விலைப்பட்டியலில் ஏறும்போது அது என்ன ஆகிறது? இதை ஆராயப் புதுச்சேரி பொருத்தமான இடம்.

1693-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் வகுத்த நேர்கோட்டுத் தெருக்களே இன்றைய புதுச்சேரியின் அடிப்படை. 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளினர். சில ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர் அதே தெருக்கோடுகள் மீது திரும்பக் கட்டினர். நடுவில் ஓடும் கால்வாய் ஊரை இரண்டாகப் பிரித்தது. கடல் பக்கம் ஐரோப்பியர், மேற்கே தமிழர். இரு பக்கத்து வீடுகளும் அந்நியரை நோக்கி இரண்டு விதமாக நிற்கின்றன. பிரெஞ்சு வீடு தெருவுக்கு உயர்ந்த மதிலையும் மூடிய பெரிய கதவையும் காட்டுகிறது. தோட்டமும் தூண் வரிசையும் உள்ளே இருக்கின்றன. தமிழர் வீடு தெருவை நோக்கித் தாழ்வாரத்தை நீட்டுகிறது. மரத்தூண்கள் தாங்கும் அந்த ஓட்டுச் சாய்ப்பு வழிப்போக்கருக்கு வெயிலையும் மழையையும் மறைக்கும். அதை ஒட்டிய திண்ணையில் யாரென்று கேட்காமலே ஒருவர் உட்காரலாம், இரவு படுத்தும் போகலாம். கதவைத் தட்டாமல் பெறக்கூடிய உபசாரம் அது.

அந்தத் திண்ணைக்குப் பின்னால் ஒரு நீண்ட அறமரபு உண்டு. திருக்குறள் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, அதை இல்லறவியலில் வைக்கிறது. வீடு என்ற ஒன்று நடப்பதன் நோக்கமே வருபவரைப் பேணுவது என்பது அங்கே அடிப்படைக் கருத்து. வந்தவர் வெளியே காத்திருக்கத் தான் மட்டும் உண்பது, உண்பது அமுதமே ஆனாலும் தகாது என்கிறது. முகம் கோணிப் பார்ப்பதும் விருந்தினரை வாட்டும் என்கிறது. தைத்திரீய உபநிடதம் விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்கிறது. கட உபநிடதத்தில் எமன் வீட்டு வாசலில் நசிகேதன் மூன்று இரவு பசியோடு காத்திருந்ததற்கு ஈடாக எமனே மூன்று வரம் தர வேண்டியிருந்தது. மரணத்தின் அதிபதிக்கும் விருந்தினர் விஷயத்தில் விலக்கு இல்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கு, வரும் விருந்தினர் எவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்கிறது. நபிமொழி மூன்று நாள் உபசரிப்பை விருந்தினருக்கு உரியதாக்கி, அதற்கு மேற்பட்டதைத் தர்மக் கணக்கில் சேர்க்கிறது. இவற்றுக்கெல்லாம் உச்சமாகத் தமிழ்ச் சைவம் இளையான்குடி மாறனாரைக் காட்டும். மழை இரவில் வந்த அடியவருக்குச் சோறிட, பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரி வந்து, விறகுக்குக் கூரைக் கொம்பையே அறுத்துத் தந்தவர் அவர். விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படிப்பவருக்குக் கூச்சம் வருவது இயல்பு.

ஆனால் மரபை இந்த அழகோடு நிறுத்திவிடுவது நேர்மையாகாது. மனுஸ்மிருதி விருந்தினருக்கு இலக்கணம் சொல்லும்போதே வருணத்தைக் கேட்கிறது. பிராமணர் வீட்டுக்கு வரும் சத்திரியர்கூட அங்கே முறைப்படி அதிதி ஆவதில்லை. திண்ணையும் எல்லாருக்கும் திண்ணையாக இருந்ததில்லை. யார் ஏறி உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதை ஊர் அறிந்திருந்தது. இன்னொரு குறை இதைவிட ஆழமானது. மாறனார் நெல்லை வாரி வந்தார். அந்த நள்ளிரவில் அதைக் குத்திச் சமைத்தவர் அவர் மனைவி. காவிரிப்பூம்பட்டினத்து இயற்பகையார் அடியவர் கேட்டதற்காகத் தம் மனைவியையே கொடுத்தார். விவிலியத்தில் லோத்து, விருந்தினரைக் காக்கத் தன் பெண்மக்களைக் கும்பலிடம் தரத் துணிந்தான். கொடைக்கு எல்லை வைக்காதபோது அதன் விலையைக் கொடையாளி எப்போதும் தானே கட்டுவதில்லை. வீட்டு விருந்தின் பெருமை ஆணின் பெயரிலும் உழைப்பு பெண்ணின் முதுகிலும் ஏறியதை நாயன்மார் கதைகளே மறைக்காமல் சொல்கின்றன. விடுதிச் சமையலறையில் நிற்பவருக்கு மாதச் சம்பளம் உண்டு என்பது இந்த ஒப்பீட்டில் சிறிய விஷயம் அல்ல.

ஐரோப்பியத் தத்துவத்தில் இந்தக் கேள்வியை இரக்கத்திலிருந்து பிரித்து உரிமையின் பக்கம் நகர்த்தியவர் இம்மானுவேல் காண்ட். 1795-இல் வெளியிட்ட 'நிலையான அமைதி' பற்றிய சிறுநூலில், பூமி உருண்டையானது, அதன் பரப்புக்கு எல்லை உண்டு, எனவே மனிதர் ஒருவரை ஒருவர் சகித்தே ஆக வேண்டும் என்று வாதிடுகிறார். அதனால் அந்நிய மண்ணில் இறங்குபவரைப் பகைவராக நடத்தக் கூடாது. திருப்பி அனுப்பினால் அவர் அழிந்துபோவார் என்றால் அனுப்பவும் கூடாது. இதைக் காண்ட் வந்துசெல்லும் உரிமை என்கிறார். தங்கி வீட்டாரில் ஒருவராகும் உரிமை வேறு; அதற்குத் தனி உடன்பாடு வேண்டும். இந்த வேறுபாட்டை அவர் சும்மா எழுதவில்லை. ஐரோப்பியருக்கு 'வந்துசெல்வது' என்றால் கைப்பற்றுவது என்று ஆகிவிட்டதையும், இந்தியாவில் வணிகக் கொட்டடி போடுகிறோம் என்ற சாக்கில் படை இறக்கியதையும் அதே பக்கங்களில் சாடுகிறார். அந்நூல் வந்த ஆண்டில் புதுச்சேரி ஆங்கிலேயர் பிடியில் இருந்தது. அவர்கள் அதை 1793-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்து, 1816 வரை வைத்திருந்தனர். விருந்தினராக வந்தவர்கள் வீட்டுக்காக ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொண்டதன் கல்சாட்சிதான் இன்று மரபுக் கட்டடங்கள் என்று போற்றப்படுகிறது. அங்கே அறை எடுப்பவர் இதை மறந்தால் கட்டடத்தின் பாதியைத்தான் பார்க்கிறார்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு தத்துவவாதி ழாக் தெரிதா காண்டின் வரம்பைப் போதாது என்றார். அல்ஜீரியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பிரான்சின் விஷி அரசு போட்ட யூத எதிர்ப்புச் சட்டத்தால் சிறுவயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். வாசலில் நிறுத்தப்படுவது என்ன என்று அறிந்தவர். 1997-இல் வெளியான விருந்தோம்பல் பற்றிய அவருடைய விரிவுரைகளில், உண்மையான வரவேற்பு வருபவரின் பெயரைக்கூடக் கேட்காது என்கிறார். ஆனால் பெயர் கேட்காத வீடு வீடாக நிலைக்காது. சட்டமும் கதவும் பூட்டும் இல்லாமல் வரவேற்க ஓர் இடமே இருக்காது. நிபந்தனையற்ற வரவேற்பும் நிபந்தனையுள்ள வரவேற்பும் ஒன்றை ஒன்று அழிக்கவும் செய்யும், ஒன்றில்லாமல் மற்றது நடக்கவும் முடியாது. அவரும் லோத்தின் கதைக்கே வந்து சேர்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

விடுதி வரவேற்பு மேசையில் பெயர்தான் முதலில் கேட்கப்படுகிறது. அடையாள அட்டை நகல் எடுக்கப்படுகிறது. வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரம் அதிகாரிகளுக்குப் போக வேண்டும். புதுச்சேரி இந்தக் காட்சியின் பழைய வடிவத்தையும் கண்டிருக்கிறது. 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து தப்பி வந்தபோது அவரைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டவர் கலவை சங்கரஞ் செட்டியார். பிரிட்டிஷ் உளவாளிகள் தெருவில் திரிந்த காலம் அது. மறு ஆண்டில், அந்நியர் தங்குவதற்கு ஊர்ப் பிரமுகர் ஐவரின் சான்று வேண்டும் என்று விதி வந்தபோது கையெழுத்துகளைத் திரட்டித் தந்தவரும் அவரே. இடம் கொடுத்தவர் ஆபத்தில் பங்கெடுத்தார். விடுதி முதலாளி எந்த ஆபத்திலும் பங்கெடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கொடைக்கும் விற்பனைக்கும் உள்ள இடைவெளி சுவை, பண்பு முதலியவற்றை விட இங்கேதான் கூர்மையாகத் தெரிகிறது.

அப்படியானால் பணம் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டலாமா? சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் 1900-இல் எழுதிய பணத்தின் தத்துவம் பற்றிய நூலில் எதிர்த்திசையில் வாதிடுகிறார். பணம் உறவிலிருந்து ஆளை அகற்றுகிறது. அதனாலேயே ஆளை விடுவிக்கவும் செய்கிறது. காசு கொடுப்பவர் யார் மகன், எந்தத் தெரு என்று நாணயம் கேட்பதில்லை. மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் காட்டியதுபோல் கொடை வாங்கியவர் திருப்பித் தரும்வரை கடன்பட்டவர். ரசீது அந்தக் கடனை அன்றே தீர்த்துவிடுகிறது. பிறர் வீட்டில் தங்கிப் பழகிய எவரும் அந்தச் சுதந்திரத்தின் அருமையை அறிவர்.

ஆனால் சிம்மல் சொன்னது இந்தியாவில் தானாக நடந்துவிடவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடா அரசுப் பணிக்கு வந்த அம்பேத்கரின் கையில் பணம் இருந்தது. இந்து ஹோட்டல்கள் சேர்க்காது என்று தெரிந்து, பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாளில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பிறகு அந்த ஊரில் நண்பர்களும் இடம் தரவில்லை. கொடையும் மூடியது, சந்தையும் மூடியது. அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் காரணமாகக் குடிமக்கள் எவரையும் கடை, உணவகம், ஹோட்டல் இவற்றில் நுழைய விடாமல் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருப்பதைப் பரோடாவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு அறை மறுத்த அட்லாண்டா மோட்டல் ஒன்றின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1964-இல் தந்த தீர்ப்பும் இதே திசையில்தான் சென்றது. விடுதி அறையின் அறமதிப்பு இதில் இருக்கிறது: அதை உரிமையாகக் கேட்கலாம். எவ்வளவு உயர்ந்த கொடையையும் அப்படிக் கேட்க முடியாது. மாறனார் வீட்டு வாசலில் நிற்பவர் மாறனாரின் மனத்தை நம்பி நிற்கிறார். விடுதி வாசலில் நிற்பவர் சட்டத்தை நம்பி நிற்கலாம். அந்த உரிமையும் வாடகை கட்ட முடிந்தவருக்கே என்பது அதன் பெரிய ஓட்டை.

பூட்டிக் ஹோட்டலின் குறை, அது காசு வாங்குவதில் இல்லை. வாங்கியதை மறைக்கும் நாடகத்தில் இருக்கிறது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் எழுதிய நூல், புன்னகையும் கனிவும் சம்பள வேலையின் பகுதியாகும்போது தொழிலாளி தன் உணர்ச்சியையே வேலையாகச் செய்ய வேண்டியிருப்பதைக் காட்டியது. லாட்ஜ் ஊழியர் சாவியைத் தந்தால் போதும். மரபு விடுதி ஊழியர் வீட்டு மனிதராக நடிக்கவும் வேண்டும். அவருடைய சொந்த வீடு பெரும்பாலும் ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும். திண்ணையும் இதே நாடகத்தில் ஒரு வேடம் போடுகிறது: மெருகேற்றப்பட்டு, பித்தளை விளக்கு வைக்கப்பட்டு, யாரும் உட்காராமல் பார்க்கக் காவலாளி நிறுத்தப்பட்டு.

இதில் விடுதியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. செப்பனிட ஆள் இல்லாத வீடு இடிந்துதான் போகும். புதுச்சேரியில் வைசியாள் வீதியின் முகப்புகள் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பின் முயற்சியால் மீட்கப்பட்டு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதைப் பெற்றன. பழைய வீடுகள் பலவற்றுக்குச் சுண்ணாம்பும் ஓடும் வாங்கித் தந்தது சுற்றுலாப் பணமே.

கேள்வி எஞ்சுவது தெருவில். தங்குபவர் காசு கொடுத்து அனுபவிக்கும் அழகில் பெரும்பகுதி விடுதிக்குள் இல்லை. தெருவின் அமைதி, காலைக் கோலம், கோயில் மணி, எதிர்வீட்டுத் தாழ்வாரம் எல்லாம் அண்டை வீட்டாருடையவை. அவர்களுக்கு வாடகையில் பங்கு இல்லை. வார இறுதியில் கார்கள் அடைக்கும் தெருவில் அவர்கள்தான் கேளாமலே விருந்தளிப்பவர்கள். காண்டின் வேறுபாடு இங்கே உதவுகிறது. வருபவருக்கு வந்துசெல்லும் உரிமை உண்டு. வீட்டுக்கு வீடு விடுதியாகி, குடியிருந்தவர் வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஊர் ஓரத்துக்குப் போகும்போது, அந்த உரிமை குடியேறும் உரிமையாக மாறிவிடுகிறது. அதற்கு வேண்டிய தனி உடன்பாட்டை விடுதி முதலாளி ஒருவரால் தந்துவிட முடியாது. புதிய விடுதிக்கு உரிமம் தருமுன் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டியது நகராட்சியின் பொறுப்பு. அப்படிக் கேட்கப்பட்ட தெருவைத் தேர்ந்து அறை எடுக்க வேண்டியது பயணியின் பொறுப்பு.