பழமை பேணல் பற்றாகுமோ?

உடலும் மனையும் ஊரும் நிலையா என்றுணர்ந்த சைவன், தன் குடியின் வரலாற்றையும் ஊர்க் கட்டடங்களின் வரலாற்றையும் எழுதிவைத்துக் காத்தல் தகுமோ? அஃது அறுக்கவேண்டிய பாசத்தை மீண்டும் பிணிப்பதாகாதோ? இவ்வினா எளிதில் தள்ளற்பாலதன்று. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழ்வோர் இதனை நாடோறும் எதிர்ப்படுகின்றனர். 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 2011-இல் அவ்வூர் சென்னை மாநகராட்சியிற் சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. பழமனைகள் அடுக்குமாடிகளாகின்றன, அவற்றின் கதையறிந்த முதியோரும் ஒருவர்பின் ஒருவராய் மறைகின்றனர்.

பேணல் வேண்டா என்பார் பூசலார் நாயனாரைச் சான்று காட்டுவர். ஆவடிக்கு மேற்கேயுள்ள திருநின்றவூரில் வாழ்ந்த அவ்வடியார், பொருள் கிட்டாமையால் மனத்தகத்தே கோயிலெடுத்தார். காஞ்சியிற் கற்றளி சமைத்த காடவர்கோன் பிரதிட்டைக்குக் குறித்த நாளினையே இறைவன் அம்மனக்கோயிலுக்கு உரித்தாக்கினான். கல்லினும் உள்ளமே பெரிதாயின், கல்லைக் காப்பதேன் என்பது அவர் கடா.

இதற்கு யாம் இருவகையான் விடை கூறுவாம். பூசலார் எடுத்த கோயில் முறையற்ற கனவன்று. அடிநிலை முதல் சிகரம் ஈறாக, மதிலும் கிணறும் குளமும் உட்பட, புறத்தே கோயிலெடுக்கும் முறை வழுவாமல் அவர் அதனை அகத்தே அமைத்தனர். புறத்தைக் கண்டறியாதார்க்கு அஃது இயலுமோ? அன்றியும், அரசன் தேடிவந்தபோது ஆண்டுக் காட்டுதற்குக் கல்லொன்றும் இல்லை. அங்ஙனமிருந்தும் அச்செய்தி நம்மை எய்தியது, அதனைப் பேணிவைத்தார் உளராதலின். பூவிருந்தவல்லிக்குத் தெற்கே குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் அதனை விரித்துரைத்தார். ஆகவே பூசலார் சரிதம் வரலாறு பேணலுக்குத் தடையாகாது. அப்பேணலின் பயனே அஃதென்க.

இனிப் பற்றென்னும் தடையை நோக்குவாம். சித்தாந்தத்தில் உலகம் பொய்த்தோற்றமன்று. மாயையினின்று தோன்றிய உள்பொருள். தனு கரண புவன போகங்கள் ஆணவ இருளில் விளக்கென உயிர்க்கு உதவுமாறு தரப்பட்டன. விளக்கை விளக்கென்றறிந்து பேணுதல் குற்றமாகாது. அதனையே ஞாயிறென மயங்குதல் பற்றாம். எம் முன்னோர் இத்துணைப் பெரியர் எனச் செருக்குதற்கு எழுதுவது ஆணவத்திற்கு இரையிடும். இன்னார் அகழ்ந்த குளத்து நீரை யாம் பருகுகின்றோம் என நன்றியோடு எழுதுவது அதனைத் தேய்க்கும்.

இவ்விரண்டையும் பிரித்தறிதற்கு உரைகல் வாய்மையே. திருவேற்காட்டு மூர்க்க நாயனார் அடியார்க்கு அமுதளித்ததைப் போற்றிய சேக்கிழார், அவர் அதன்பொருட்டுச் சூதாடியதையும், தோற்றும் பொருள் தர மறுத்தாரைச் சுரிகையாற் குத்தியதையும் மறைத்தாரல்லர். குடிவரலாறு எழுதுவோர் கடனையும் வழக்கையும் பிரிவினையையும் மறைத்துக் கொடையை மட்டும் எழுதுவராயின், அது வெறும் முகமன். மனையின் உடையவனை எழுதி, சுவரெடுத்த கொத்தனையும் மண்சுமந்த கூலியாளையும் விடுதலும் வாய்மைக்குக் குறையே.

கட்டடத்தைப் புதுக்குதற்கும் நெறியுண்டு. செம்பியன் மாதேவியார் 10-ஆம் நூற்றாண்டில் திருக்கோடிகாவிற் பழங்கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழங்கற்களிலிருந்த எழுத்துக்களைப் படியெடுத்துப் புதுச் சுவரிற் பொறிப்பித்து, அவை பழங்கல்லின் படியென்னும் குறிப்பையும் உடன் வைத்தனர். இந்நெறி நம் ஊர்கட்கும் ஏற்கும். மனையை இடிக்குமுன் அளந்து படமெடுத்து வைக்க. பத்திரத்திற் கண்டதையும், முதியோர் நேரிற் கண்டு சொன்னதையும், செவிவழி வந்ததையும் ஒன்றோடொன்று கலவாமல் எழுதுக. திருப்பணியிற் கல்லைத் துலக்க மணல் வீசுவோர் கல்வெட்டையும் உடன் தேய்ப்பராதலின், அதனை ஊரார் ஒருப்பட்டுத் தடுக்க.

நிலையாதது என்பதனால் ஒன்றைப் புறக்கணித்தல் வேண்டுமென்பது பொருந்தாது. உடம்பும் நிலையாததே, அதனைப் பேணாது சரியை கிரியைகளை இயற்றினார் யாவருமிலர். நிலையாதாகலின், அஃது உள்ளபோதே அதனால் எய்தும் அறிவைக் கொண்டு பின்வருவார்க்கு அளித்தல் நமது கடனாம்.