வராக் கடன்

36 வயதில், கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பிசினஸ் அசோசியேட் டிகிரி படிக்கிறேன். மொத்தம் 60 யூனிட், யூனிட்டுக்கு 46 டாலர். பகலில் வேலை, ராத்திரி வகுப்பு.

போன வாரம் அக்கவுண்டிங்கில் வராக் கடன் பாடம். கடனுக்கு விற்றதில் ஒரு பகுதி திரும்பி வராது என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அந்த வருடச் செலவிலேயே காட்டிவிட வேண்டுமாம். யார் தரமாட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு என்றால் போதும்.

அப்பாவின் மளிகைக் கடை நோட்டில் சதவீதமே கிடையாது, பெயர்கள்தான். "குடுப்பாங்கடா, என்ன கஷ்டமோ" என்பார். அதைப் பெருந்தன்மை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பெயர்க்காரர்கள் எங்கள் கடைமுன் வராமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனதையும் பார்த்திருக்கிறேன். சதவீதம் யாரையும் அப்படிச் சுற்றவிடாது. யாரையும் அதற்குத் தெரியவும் தெரியாது.

கணக்கிலிருந்து எழுதித் தள்ளினாலும் வாங்கியவரின் கடன் தீர்ந்துவிடாது, கேட்கும் உரிமை அப்படியே இருக்கும். ஆசிரியர் இதை ஒரே வரியில் கடந்துவிட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். "சரி விடு, போகட்டும்" என்று நாம் மன்னிப்பதும் பாதி இந்த வகைதானோ?

அப்பா போனபிறகு நோட்டை நான்தான் எடுத்துவந்தேன். கடைசிப் பக்கத்தில் சித்தப்பா பெயர், 18,400 ரூபாய். கேட்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டேன். போன மாதம் அவர் கண் ஆபரேஷன் பற்றிச் சொல்லக் கூப்பிட்டார். "நல்லாப் படிப்பா" என்று வைக்கும்வரை, அந்த எண் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.