தீர்ப்பு கிடைத்துவிட்டால் ஹலாலாகி விடுமா?



வாடகை வீட்டைக் காலி செய்ய வைப்பது இன்று பல குடும்பங்களைப் பகையாக்கி இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வீட்டுக்காரர் தாமாகப் பூட்டுப் போட முடியாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் இல்லை, இரண்டு மாத வாடகை பாக்கி, வீடு சொந்தத் தேவைக்கு வேண்டும் போன்ற காரணங்களைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு பெற வேண்டும்.

இது நல்ல ஏற்பாடு. பலம் உள்ளவர் சட்டத்தைக் கையில் எடுப்பதை அது தடுக்கிறது. ஆனால் உத்தரவு கிடைத்ததும் நம் கணக்கு முடிந்துவிடுமா?

உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. 'நானும் மனிதன்தான், வாதத் திறமை உள்ளவரின் பேச்சைக் கேட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து விடலாம். அப்படிச் சகோதரனின் உரிமை அவர் கைக்குப் போனால் அது நெருப்புத் துண்டு' என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், நம் ஊர் நீதிமன்ற உத்தரவு எப்படி ஆக்கும்?

'என் மகன் குடிவர வேண்டும்' என்று மனுவில் எழுதிக் காலி செய்ய வைத்துவிட்டு, கூடுதல் வாடகைக்கு வேறொருவருக்கு விடுகிறார் ஒருவர். வழக்கில் வென்றார், ஆனால் பொய்யால் வென்றார். வாடகைக்காரரும் தப்ப முடியாது. வசதி இருந்தும் வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுப்பவர் அநியாயம் செய்கிறார். கொடுக்க வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழி. ஒப்பந்தக் காலம் முடிந்த பின் உரிமையாளரின் சம்மதமின்றி அமர்ந்திருப்பது பிறர் சொத்தை அபகரிப்பதே.

'வீட்டுக்காரருக்கு மட்டும் கஷ்டம் இல்லையா? அந்த வாடகைதானே அவருக்கு மருந்துச் செலவு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உரிமையைக் கேட்பது பாவமல்ல. ஆனால் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம், கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது. விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறது. வேலை இழந்தவரையும் ஏமாற்றுபவரையும் நீதிமன்றம் பாக்கிக் கணக்கில் ஒன்றாகப் பார்க்கலாம். பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

ஆகவே மனுப் போடுவதற்கு முன் இருவரும் ஜமாஅத்தார் முன்னிலையில் உட்காருங்கள். பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியில் காலி என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். முன்பணத்தில் கழிக்க வேண்டியதை மட்டும் கழித்து மீதியைத் தாமதமின்றிக் கொடுங்கள். அது உங்களிடம் உள்ள அமானிதம். அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் நீதிமன்றம் செல்லுங்கள். மனுவில் உண்மையை மட்டும் எழுதுங்கள்.

பிறர் உரிமை நம் கழுத்தில் இல்லாத நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்க நம் அனைவருக்கும் அவன் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.