ஈரவிறகு

மலைமேல் புகை கண்டவன், தன் வீட்டு அடுக்களையை நினைந்து, அங்கே தீ உண்டென்று துணிவது நியாய சாஸ்திரத்தில் பழகிய உதாரணம். ஆனால் தீயைக் கண்டு புகையை அனுமானிக்கப் புகுந்தால் அத்துணிவு பொய்த்துவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் தீயுண்டு, புகையில்லை. அடுக்களையில் புகை எழுந்தது, அடுப்புக்குள் சீறி, நுனியில் நுரை கக்கிய ஈரவிறகினால். இவ்வாறு உடனிருந்து விளைவை நிர்ணயிக்கும் நிபந்தனையை நையாயிகர் 'உபாதி' என்றனர். ஓரிடத்து ஆராய்ச்சி முடிவை வேறோரிடத்து நோயாளிக்குப் பொருத்தும் வைத்தியரும் அடுக்களையிலிருந்து மலைக்குத்தான் நடக்கிறார்.

கடுங்காய்ச்சலில் ரத்த ஓட்டம் குன்றிய குழந்தைக்கு நாளத்தின் வழியே விரைவாகத் திரவம் செலுத்துவது, தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிறைந்த நாடுகளில் நன்முறையாகப் போற்றப்பட்டு வந்தது. அவ்வசதி அரிதான கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் 3,141 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு திரவம் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேலும், பெறாதவர்களில் ஏழு பேர் அளவிலும் 48 மணி நேரத்துக்குள் இறந்தனர் என்பது தெரிந்தபோது, நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியும் இடமறியாவிடில் உயிரை வாங்கும் என்ற உண்மை நெஞ்சைச் சுட்டது.

இதற்கு நேர்மாறான பாடத்தைச் சென்னை கற்பித்தது. க்ஷயரோகிக்குச் சானடோரியத்தின் ஓய்வும், போஷாக்கான உணவும், காற்றோட்டமும் இன்றியமையாதவை என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1956-இல் இங்கே தொடங்கிய ஆராய்ச்சி, நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கும் மறு பகுதியினரை நெருக்கடி மிகுந்த அவரவர் வீட்டுக்கும் அனுப்பி, இருசாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. குறைவாக உண்டு, குறைவாக ஓய்வெடுத்த வீட்டு நோயாளிகளும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தனர். உடன் வாழ்ந்தோருக்கும் அதனால் கூடுதலான தொற்று நேரவில்லை. ஈரவிறகென்று உலகம் எண்ணியிருந்தது அங்கே ஈரவிறகாக இருக்கவில்லை.

ஆகையால், அயல்நாட்டு முடிவென்று கண்மூடி ஏற்பதும், நம் ஊருக்கு ஆகாதென்று ஆராயாமல் தள்ளுவதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்களே. இரண்டிலும் உபாதியைத் தேடும் சிரமம் தவிர்க்கப்படுகிறது. அந்தச் சிரமத்தை அறிவின் கடமையென்று மட்டும் நான் கருதவில்லை. எதிரே படுத்திருக்கும் இந்த ஒரு குழந்தை 'பொது மனிதன்' அல்ல என்பதை மறவாதிருப்பதே ஜீவகாருண்யம். மலையேறுமுன் அடுப்பைக் குனிந்து பார்க்கச் சொல்வது அதுவே.