சந்தாவும் விரதமும்

வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் வீடுகளில் இரவுச் சாப்பாடு என்ற பேச்சே கிடையாது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, அடுப்பைத் துடைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். அதற்குப் பிறகு சமையலறையில் வேலை இல்லை. தூங்கப் போவதற்கோ மூன்று நான்கு மணி நேரம் இருக்கிறது. மற்ற வீடுகளில் சீரியல் பார்த்துக்கொண்டே தோசை வார்ப்பார்கள், பரிமாறுவார்கள், தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார்கள். எங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்தால் டிவியைத்தான் பார்த்தாக வேண்டும். அதனால்தான், கேபிளை எடுத்துவிட்டு ஓடிடி போடலாமா, போட்டால் எதைப் போடலாம் என்ற பேச்சு வீட்டில் கிளம்பியபோது, அதை மாதச் செலவுக் கணக்கோடு முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் சொல்கிறேன்: இந்தக் கணக்கு ரூபாயில் தீராது.

பேச்சைக் கிளப்பியவன் சென்னையில் இருக்கும் மகன். ஃபைபர் கனெக்ஷன் வாங்கினால் வைஃபையோடு ஒன்றிரண்டு ஓடிடியும் சேர்ந்து வரும், கேபிளுக்குக் கட்டும் காசு மிச்சம் என்றான். வீட்டுக்காரர் உடனே பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு உட்கார்ந்தார். கிரிக்கெட் வேண்டுமென்றால் ஜியோஹாட்ஸ்டார். 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றானபின் வந்த பெயர் அது. சன் டிவியில் விட்டுப்போன சீரியலைப் பிடிக்க சன் நெக்ஸ்ட். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது மாதம் 149 ரூபாய்க்கு ஒரு திட்டம் வைத்தது. ஆனால் அது செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், டிவியில் பார்க்க அதற்கு மேலே 199 ரூபாய்த் திட்டம். பிரைமில் 2025 ஜூனிலிருந்து நடுவே விளம்பரம் வருகிறது. வேண்டாமென்றால் அதற்குத் தனிக் காசு. கட்டம் நிரம்பியது, முடிவு வரவில்லை. ஒவ்வொன்றிலும் மற்றதில் இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் போட்டால் கேபிளைப் போலப் பல மடங்கு ஆகிறது. எதையாவது விட்டால், விட்டதுதான் நல்லதோ என்ற குறை ஒட்டிக்கொள்கிறது.

இந்தக் குறை எங்கிருந்து வருகிறது? பணம் போதாததால் வருவது என்று தோன்றும். என் அனுபவத்தில் அப்படி இல்லை. பணம் போதாத காலத்தில் இந்தக் குறை இருந்ததே கிடையாது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் தெருவுக்கு டிவி வந்து சேர அதற்குப் பிறகும் பல வருடம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். இரவு நிகழ்ச்சிகள் முடிந்தால் நிலையத்தை மூடிவிடுவார்கள். திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஓடும். 1993-இல் சன் டிவி வந்தது, தெருவெங்கும் கேபிள் ஒயர் தொங்கியது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. அப்போதும் வந்ததைப் பார்த்தோம். தேர்ந்தெடுக்கும் வேலை முதன்முதலாக 2019 பிப்ரவரியில்தான் எங்கள் தலையில் விழுந்தது. டிராய் விதி மாறி, நூறு சானலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சானல்களுக்கு அவரவர் விருப்பப்படி மேலே கட்டலாம் என்றானது. கேபிள்காரத் தம்பி பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினான். “டீச்சர், எது எது வேணுமோ டிக் பண்ணிக் கொடுங்க” என்றான். தெருவில் முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில், “எப்பவும் வர்ற மாதிரியே போட்டுக் கொடுப்பா.”

அந்தக் காலம் எளிமையானது, இந்தக் காலம் ஆசை பிடித்தது என்று பேச இங்கே ஒரு வழி திறக்கிறது. என் வயதுக்காரர்கள் அதில் சுலபமாக நுழைந்துவிடுவார்கள். நான் நுழைய மாட்டேன். தடுப்பது எங்கள் சமய நூல் ஒன்றே.

இல்லறத்தாருக்காகச் சமந்தபத்திரர் வடமொழியில் எழுதியது ரத்னகரண்டக சிராவகாசாரம். அதை அடியொற்றித் தமிழில் குறள் வெண்பாவில் அமைந்தது அருங்கலச்செப்பு. துறவிக்குச் சொன்னதை நீர்க்கச் செய்து கொடுக்கும் நூல்கள் அல்ல இவை. சோறு சமைத்து, பிள்ளை பெற்று, கடனும் உடனும் வாங்கி வாழ்கிறவர்களுக்கு என்றே பன்னிரண்டு விரதங்களை வகுத்திருக்கின்றன. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு. குணவிரதங்களுள் ஒன்று போகோபபோக பரிமாணம்: அனுபவிக்கும் பொருள்களுக்கு நாமே அளவு வைத்துக்கொள்வது. எவற்றுக்கு அளவு என்று சமந்தபத்திரர் ஒரு பட்டியல் தருகிறார். சாப்பாடு, வண்டி, படுக்கை, குளியல், பூச்சு, பூ, வெற்றிலைபாக்கு, துணி, நகை, காமம். அதோடு நிறுத்தவில்லை, வாத்திய இசையையும் பாட்டையும் சேர்த்துக்கொள்கிறார். மாலைப் பொழுதின் கேளிக்கை இந்தப் பட்டியலில் அப்போதே இருக்கிறது. ஓடிடிக்கு விரதமா என்று சிரிப்பவர்கள் வெற்றிலைக்கும் குளியலுக்கும் விரதம் வைத்த நூலைப் பார்க்க வேண்டும். பெரிய துறவெல்லாம் துறவிகள் பாடு. வீட்டில் இருப்பவர்களின் அறம் இப்படிச் சில்லறைப் பொருள்களில்தான் சோதிக்கப்படுகிறது.

விரதம் என்றால் என்ன என்பதற்கு அவர் வைக்கும் வரையறை என்னை நெடுநாள் யோசிக்க வைத்திருக்கிறது. உடம்புக்கு ஒவ்வாததை விடு, பெரியோர் தகாது என்று ஒதுக்கியதையும் விடு என்கிறார். ஆனால் விரதம் என்ற பெயரை அவற்றுக்குத் தரவில்லை. அனுபவிக்கத் தகுந்த ஒன்றை, மனமறிந்து, இது எனக்கு வேண்டாம் என்று விலகுவதற்கே அந்தப் பெயரைத் தருகிறார். சர்க்கரை வியாதிக்காரர் இனிப்பை விடுவது மருத்துவம். வீட்டில் அரிசி இல்லாதவர் பட்டினி கிடப்பது வறுமை. இரண்டும் விரதம் ஆகாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தூர்தர்ஷன் காலத்தில் நாங்கள் ஒருவரும் எதையும் துறக்கவில்லை. நிலையத்தை மூடியதால் தூங்கப் போனோம். ஒரே படம் போட்டதால் ஒரே படம் பார்த்தோம். கேபிளிலும் அதேதான்: சானல் கூடியது, ஆனால் எந்த மணிக்கு எது என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். அளவு இருந்தது, அது எங்கள் அளவு அல்ல. அதை எளிமை என்று கொண்டாடுவது பட்டினியை நோன்பு என்பதற்குச் சமம். ஓடிடி வந்த பிறகுதான், எந்த நேரமும் எதுவும் கிடைக்கும் என்ற நிலையில்தான், வேண்டாம் என்ற சொல்லுக்கே பொருள் வந்திருக்கிறது. சமய நோக்கில் இதைச் சரிவு என்று நான் சொல்ல மாட்டேன். விரதம் எடுப்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு எங்கள் தலைமுறைக்குக் கிடைத்ததில்லை.

இரவு உண்ணாமையிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது. விளக்கொளியில் பூச்சி சோற்றில் விழும், தெரியாமல் உயிர்க்கொலை நேரும் என்பது அந்த நெறிக்குச் சொல்லும் காரணம். என் பாட்டி காலத்தில் எங்கள் கிராமத்தில் மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய்க்குக் காசு வேண்டுமே என்று மற்றச் சாதிக்காரர்களும் விளக்கு வைக்கும் நேரத்தை ஒட்டியே சாப்பிட்டு முடிப்பார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. மின்விளக்கு வந்தது; ஊர் ஒன்பது மணிக்கு நகர்ந்தது; நாங்கள் ஆறு மணியிலேயே நின்றோம். பல்பு எரிகிறது, பசிக்கவும் செய்கிறது, சாப்பிட்டால் கேட்க ஆளில்லை. இருந்தும் வேண்டாம் என்றபோதுதான் பழக்கம் விரதமாயிற்று.

சரி, விரதம் எடுப்பது எப்படி? நூல் இரண்டு வகை சொல்கிறது. ஆயுள் முழுக்கவென்று எடுப்பது யமம். காலம் குறித்து எடுப்பது நியமம். இன்று, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்ஷம், ஒரு மாதம், இரண்டு மாதமுள்ள ஒரு பருவம், ஆறு மாதமுள்ள ஓர் அயனம் என்று நியமத்துக்குக் கால அளவுகளையும் எண்ணிக் காட்டுகிறது. மனித மனத்தைத் தெரிந்தவர் போட்ட பட்டியல் இது. ஆயுளுக்கும் டிவி பார்க்க மாட்டேன் என்று நான் சொன்னால் நீங்களும் நம்ப மாட்டீர்கள், நானும் நம்ப மாட்டேன். இந்தப் பருவத்துக்கு ஒரு சேவை போதும் என்றால் முடியும்.

ஆனால் நியமத்துக்கு முடியும் நாள் உண்டு. சந்தாவோ அந்த நாளை அழிப்பதற்கென்றே அமைந்திருக்கிறது. யுபிஐயில் ஆட்டோபே ஒருமுறை கொடுத்துவிட்டால் மாதாமாதம் காசு தானாகப் போகும். நாம் ஒவ்வொரு மாதமும் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, வேண்டாம் என்று சொல்லத்தான் மெனக்கெட வேண்டும். இந்த மாதிரிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பலர் அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமலே அழிக்கிறார்கள். நான் படிக்கிறேன். அது வரும் நாளில், இந்த மாதம் இது எனக்கு எதற்கு என்று ஒரு கேள்வியாவது எழுகிறது.

விரதத்தைக் கெடுக்கும் குற்றங்கள் ஐந்தையும் நூல் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. புலனின்பம் என்ற விஷத்தை அலட்சியம் செய்யாமல் மதித்துக்கொண்டிருப்பது, அனுபவித்து முடித்ததை மறுபடி மறுபடி நினைப்பது, கையில் இருப்பதில் மிகையாக நாக்கைத் தொங்கவிடுவது, வரப்போவதற்குத் தவிப்பது, அனுபவிக்கும்போது அளவுமீறுவது. ஒரு வெப் சீரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் முன்கதைச் சுருக்கம், நடுவில் அளவுமீறல், கடைசி நிமிடத்தில் துப்பாக்கியை நீட்டி நிறுத்திவிட்டு அடுத்த எபிசோடுக்குத் தவிக்கவிடுவது. தவித்து முடிப்பதற்குள் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது. தங்கள் போட்டியாளர் தூக்கம் என்று நெட்ஃபிளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல் வெளிப்படையாகவே சொன்னார். எதிராளி தன் குறியை மறைக்கவில்லை. நாம்தான் தேர்வு செய்வது நாமே என்று நினைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம்.

இத்தனைக்கும் பதிலாக என் மாமியார் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, பார்வை மங்கல். ரிமோட்டில் எந்தெந்த எண்ணை அழுத்தினால் சன் டிவி வரும் என்பது விரலுக்குத் தெரியும். மகன் ஊருக்கு வந்தபோது அவருக்கு ஓடிடியைப் போட்டுக் காட்டினான். சின்னச் சின்னப் படங்களாக ஒரு திரை, யார் பார்க்கிறீர்கள் என்று ஒரு கேள்வி, தேடுவதற்கு எழுத்து எழுத்தாக நகர்த்த ஓர் அம்புக்குறி. கொஞ்ச நேரம் பார்த்தார். “எனக்கு எதைப் பாக்கணும்னு தெரியாதுப்பா. அது பாட்டுக்கு வரட்டும், நான் பாத்துக்கறேன்” என்றார்.

என் வாதத்தையே கவிழ்க்கும் பேச்சு இது. தேர்வு செய்யாமல் இருப்பதும் ஒரு நிம்மதி. எட்டு மணிக்கு அந்தச் சீரியல், அதே நேரத்தில் பக்கத்து வீட்டிலும் அதே சீரியல், மறுநாள் காலை திண்ணையில் அதைப் பற்றிப் பேச்சு. இதில் அளவு வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் துணையும் அதோடு வந்தது. இதை வறுமை என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் அஷ்டமியிலும் சதுர்த்தசியிலும் உபவாசம் இருக்கிறவர். விரதத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டிய இடத்தில் அவர் இல்லை. எங்கள் நெறிப்படி அவரவர் வினை அவரவருக்கே; ஒருவருக்காக இன்னொருவர் விரதம் எடுக்க முடியாது, ஒருவர்மேல் சுமத்தவும் முடியாது. மிச்சம் பிடிக்கிறேன் என்று அவருடைய கேபிளைப் பிடுங்கினால் அவருக்கு அது துறவாகாது, பறிப்பாகும். நாங்கள் எதையும் விட்டதாகாது, இழப்பு மட்டும் அவருடையதாகும். பறித்தலைத் தடுக்கும் அணுவிரதம் வேறு இருக்கிறது.

ஆகவே வீட்டில் இப்படி முடிவாயிற்று. மாமியார் வேண்டாம் என்று சொல்லும் வரை கேபிள் இருக்கும். எங்கள் இருவருக்கும் ஒரு பருவத்துக்கு ஒரு சேவை மட்டும். ஐபிஎல் நடக்கும் பருவம் வீட்டுக்காரருடையது; அது முடிந்தால் அதை நிறுத்திவிட்டு, நான் கேட்பது வரும். விட்ட சேவையில் எவ்வளவு நல்ல படம் வந்தாலும் அந்தப் பருவம் முடியும் வரை இல்லை. அது நல்ல படமாக இருப்பதுதான் விஷயமே. குப்பையை விடுவதற்கு நியமம் எதற்கு?

எந்த ஓடிடி போடலாம் என்று இப்போது என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் போடுங்கள், அதில் பெரிய பிழை நேராது. போடுமுன் அது என்றைக்கு முடியும் என்பதைக் காலண்டரில் குறியுங்கள். ஆட்டோபே கொடுக்காதீர்கள். அடுத்த எபிசோட் தானாக ஓடுவதைச் செட்டிங்ஸில் போய் அணைத்து வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களைக் கேட்காமல் கேபிளை வெட்டாதீர்கள்.